மாம்பழத்தின் ஆயுள்: தோப்பிலும் கிடங்கிலும்

மாந்தோப்பு வைத்திருக்கும் மிராசுதாரர்களில் அநேகர், மரத்திற்கு எரு இடுவதிலும் மருந்து தெளிப்பதிலும் காட்டும் சிரத்தையில் கால் பங்குகூடக் காய் பறிக்கும் விஷயத்தில் காட்டுவதில்லை. பூ நின்று பிஞ்சு இறங்கியதும் தோப்பைக் குத்தகைக்காரர் வசம் ஒப்புவித்துவிட்டுத் தவணைப் பணத்தை எதிர்பார்த்திருப்பது கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல் முதலிய ஜில்லாக்களில் சாதாரண வழக்கமாயிருக்கிறது. காய் எப்பொழுது இறங்கிற்று, எவ்விதம் இறங்கிற்று, கூடையில் எத்தனை நாள் கிடந்தது என்பவற்றைக் குறித்துத் தோப்புடையவருக்கு யாதொரு கவலையும் இருப்பதில்லை. மறு வருஷம் குத்தகை பேச வரும் வியாபாரி, "உங்கள் தோப்புக் காய் மண்டியில் தாங்கவில்லை, பாதி அழுகிப் போயிற்று" என்று சொல்லித் தொகையைக் குறைக்கும்பொழுதுதான் அந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பது விளங்குகிறது.

மேற்படி அழுகல் மண்டியில் உண்டானதன்று என்பதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதன் வித்து பெரும்பாலும் பூப்பருவத்திலேயே தோப்பில் விழுந்துவிடுகிறது. மிகுந்தது பறிக்கும் நாளில் சேர்ந்துகொள்கிறது. அதற்குப் பின் எவ்வளவு உயர்ந்த குளிர்கிடங்கில் வைத்தாலும், உள்ளதைச் சில நாள் காப்பாற்றலாமே ஒழிய, இல்லாத தரத்தைக் கிடங்கு உண்டாக்கித் தராது.

பழத்தின் சுவாசம்

மரத்திலிருந்து பறித்த காய் செத்த பொருள் அன்று. அது தொடர்ந்து பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவையும் உஷ்ணத்தையும் வெளிவிடுகிறது. தன்னுள் சேர்த்து வைத்த மாவையும் சர்க்கரையையும் இந்தச் சுவாசத்திற்குச் செலவிடுகிறது. சேமிப்பு கரையுமளவும் அதன் ஆயுள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இவ்விஷயத்தில் முறையான சோதனைகள் முதலில் நடந்தது மாம்பழத்தில் அன்று, ஆப்பிளில்தான். முதல் உலக யுத்த காலத்தில் உணவுப் பண்டங்கள் வீணாவதைத் தடுக்க வேண்டிய நெருக்கடி இங்கிலாந்தில் ஏற்பட்டபொழுது, கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள் இவ்வாராய்ச்சியில் இறங்கினார்கள். பறித்த ஆப்பிளின் சுவாசம் சிறிது சிறிதாகக் குறைந்து வந்து, பழுக்கத் தொடங்கும் தறுவாயில் திடீரென்று எழும்பி உச்சத்தை அடைந்து, பின் மறுபடி தாழ்வதை அவர்கள் அளந்து கண்டார்கள். அந்த எழுச்சி வந்துவிட்டால் பிறகு பழத்தை மீட்க வழியில்லை. வராமல் ஒத்திப்போட்டால் மாதக்கணக்கில் காப்பாற்றலாம். கிடங்கின் காற்றில் பிராணவாயுவைக் குறைத்துக் கரியமில வாயுவைக் கூட்டினால் எழுச்சி தாமதப்படும் என்று கண்டு, 1927ஆம் வருஷத்தில் தங்கள் அறிக்கையை வெளியிட்டார்கள். 1929இல் கென்ட் பிரதேசத்துத் தோட்டக்காரர் ஒருவர் அம்முறையில் முதல் கிடங்கைக் கட்டினார். 1934இல் கேன் என்ற மற்றொரு விஞ்ஞானி, பழுத்த ஆப்பிள் தானே எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறதென்றும், பக்கத்திலுள்ள காய்களைப் பழுக்கத் தூண்டுவது அதுவே என்றும் நிரூபித்தார்.

இதைப் படிக்கும் நமது விவசாயிகளுக்கு இது புதிய சங்கதியாகத் தோன்றாது. முற்றிய மாங்காயை வைக்கோலில் புதைத்து, நடுவே இரண்டு பழுத்த பழங்களைப் போட்டு வைப்பதும், வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவதும் நம் வீடுகளில் தொன்றுதொட்டு நடந்து வருவன. வைக்கோற் குவியலில் வாயு வெளியேறாமல் தங்குகிறது. புகையிலும் அவ்வாயு கலந்திருக்கிறது. பெயர் தெரியாதிருந்ததே தவிரக் காரியம் தெரிந்தே இருந்தது.

மாம்பழமும் ஆப்பிளைப் போலவே சுவாச எழுச்சி உடைய இனம். ஆனால் குளிர் விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. ஆப்பிள் வகைகள் பலவற்றை உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது 0 முதல் 4 டிகிரி சென்டிகிரேட் வரையுள்ள குளிரில் வைக்கலாம். உஷ்ணப் பிரதேசத்து மாங்காயை அவ்விதம் வைத்தால் தோல் சாம்பல் பூத்தாற்போல் மாறும். அங்கங்கே குழி விழும். வெளியே எடுத்த பின் சரிவரப் பழுக்காது, பழுத்தாலும் மணம் இராது. ஆகையால் முற்றிய பச்சைக் காய்க்கு 12 அல்லது 13 டிகிரியும், காற்றில் 85 முதல் 90 சதவீதம் ஈரமும் தக்கவை என்று கொள்ளப்பட்டிருக்கிறது. இந்த நிலையில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். உருளைக்கிழங்குக்கென்று கட்டிய குளிர்கிடங்கில் ஒரு மூலையில் மாங்காயையும் அடுக்கிவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்நாட்டிலும் இவ்வாராய்ச்சி புதிதன்று. 1930களில் பம்பாய் மாகாணத்தில் சீமா என்பவரும் அவருடைய துணைவர்களும் அல்போன்ஸா பழத்தைக் குளிரில் வைத்துச் சோதித்தார்கள். ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றியும் பார்த்தார்கள். அக்காலத்துச் சென்னை இராஜதானியில் கடப்பை ஜில்லா கோடூரில் 1935இல் ஏற்பட்ட பழ ஆராய்ச்சி நிலையம் தென்னாட்டு மா ஜாதிகளை ஒரே இடத்தில் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் பெரியகுளம் நிலையம் அவ்வேலையை மேற்கொண்டது. நீலமும் மல்கோவாவும் கூடிய பெரியகுளம் 2 என்ற ஜாதி அங்கே உண்டானதே.

முற்றாத காயின் சங்கடம்

மாங்காய் வளர்ந்து வரும்பொழுது தன் சதையில் மாவைச் சேர்க்கிறது. பழுக்கும்பொழுது அந்த மாவே சர்க்கரையாக மாறுகிறது. முற்றுவதற்கு முன் பறித்த காயில் மாவு குறைவு. ஆகவே பின்னால் என்ன உபாயம் செய்தாலும் இனிப்பு வரமாட்டாது. தோலை மஞ்சளாக்கலாம், சதையை இளகச் செய்யலாம், ருசியை மாத்திரம் கொண்டுவர இயலாது. மேலும் முற்றாத காயின் தோல் ஈரத்தைக் காக்கும் சக்தி பெற்றிராதபடியால் சீக்கிரம் சுருங்குகிறது. குளிர்கிடங்கின் குளிரையும் அது குறைவாகவே தாங்குகிறது.

முதற் சந்தை விலைக்கு ஆசைப்பட்டுப் பிஞ்சுக்காயை இறக்குவதும், இறக்கியதைப் பழமென்று காட்டக் கால்சியம் கார்பைடு கல்லைப் பொட்டலம் கட்டிக் கூடையில் வைப்பதும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் தீமைகள். கல் ஈரம் பட்டு அசிட்டிலின் வாயுவை வெளிவிடுகிறது. அது எத்திலீனைப் போலவே வேலை செய்கிறது என்பது மெய்தான். ஆனால் கடைத்தெருக் கல்லில் பாஷாணமும் பாஸ்பரஸும் சிறு அளவில் கலந்திருப்பதுண்டு. கல்லைக் கையாளும் கூலியாளுக்கும் பழத்தைத் தின்பவருக்கும் அதனால் கெடுதி விளையும். 2011ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இவ்விதம் பழுக்கவைத்த பழத்தை விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. அதிகாரிகள் கைப்பற்றிக் குழியில் கொட்டும் பழம் எந்தத் தோப்பிலிருந்து வந்ததென்று ஊரார் பேசிக்கொள்வார்கள், குத்தகைக்காரர் பெயரை எவரும் சொல்வதில்லை.

காய் முற்றியதை அறிவது கடினமன்று. காம்பின் இரு பக்கத்துத் தோள்களும் காம்பு பொருந்திய இடத்திற்கு மேலாகப் பருத்து எழும், காம்படி சிறிது குழிந்து காணும். கரும்பச்சை வெளிறும். மாதிரிக்கு ஒரு காயை அறுத்துப் பார்த்தால் கொட்டையை ஒட்டிய சதை மஞ்சள் பிடித்திருக்கும். பிஞ்சு பிடித்த நாளிலிருந்து ஜாதிக்குத் தக்கபடி மூன்று முதல் நான்கு மாதம் செல்லும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு தொட்டித் தண்ணீரில் பத்துக் காய்களை விடலாம். முற்றியவை ஆழும், முற்றாதவை மிதக்கும். செலவில்லாத இந்தச் சோதனையைக் குத்தகைக்காரர் எதிரிலேயே செய்து காட்டுவது நலம். மரத்தில் ஒன்றிரண்டு காய் தானே பழுத்து விழுவதும் ஓர் அடையாளந்தான். ஆனால் விழுந்ததை அறுத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. பழ ஈயின் புழு விழுந்த காயும் முன்கூட்டியே பழுத்து உதிரும்.

ஒரு மரத்துக் காய் முழுவதும் ஒரே நாளில் முற்றுவதில்லை. பூங்கொத்துகள் முன்னும் பின்னுமாய் வருவதால் காயும் அவ்விதமே. இரண்டு மூன்று தடவையாகப் பறிப்பதில் கூலி கூடுதலாகும் என்பது வாஸ்தவம். ஆயினும் ஒரே தடவையில் உலுக்கி இறக்கிய குவியலில் கால் பங்கு பிஞ்சாயிருக்குமானால் அக்கூலிக்கு மேல் நஷ்டமாகிவிடும்.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். அல்போன்ஸாவில் வெளியே குறையொன்றும் தெரியாமல், உள்ளே கொட்டைப் பக்கத்துச் சதை வெளுத்துப் புளித்துப் பஞ்சு போலாகும் கோளாறு உண்டு. மரத்திலேயே அதிகமாக முற்றவிட்ட காயில் இது மிகுதியாகத் தோன்றுகிறது. கொட்டைக்குள் முளைக்கும் முயற்சி தொடங்குவதற்கும் இக்கோளாறுக்கும் சம்பந்தமுண்டு என்று பெங்களூரில் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆதலால் அந்த ஜாதியை முழு முற்றலுக்குச் சற்று முன்னரே இறக்குவது வழக்கமாயிற்று. மரத்தடியில் சருகு பரப்பித் தரையின் அனலைத் தணிப்பதும் உதவுகிறது. நீலத்தோடு அல்போன்ஸாவைக் கலந்து மகாராஷ்டிரத்து வெங்குர்லாவில் 1981இல் வெளியிட்ட ரத்னா என்ற ஜாதிக்கு இந்நோவு கிடையாது. இதை வைத்துக்கொண்டு பங்களூராவையும் நீலத்தையும் முன்கூட்டிப் பறிக்கலாமென்று வாதிப்பது பொருந்தாது.

தோப்பில் ஏறும் கேடுகள்

பழுத்த பின் தோலில் பரவும் கரும்புள்ளி நோயைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. அது கிடங்கின் புழுக்கத்தால் வந்ததென்று வியாபாரியும், கூடையின் அழுக்கால் வந்ததென்று வேறு சிலரும் சொல்வார்கள். உண்மையில் அந்தப் பூஞ்சணத்தின் விதைத்தூள் பூவும் பிஞ்சுமாயிருக்கும் காலத்தில், பனியோ மழையோ ஈரம் தங்கும் நாட்களில், காய்ந்த சுள்ளிகளிலிருந்தும் பழைய இலைகளிலிருந்தும் கழுவப்பட்டுப் பிஞ்சின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. பச்சைக்காயின் தோலிலுள்ள காப்புச் சத்துகள் அதை வளரவொட்டாமல் தடுக்கின்றன. பூஞ்சணமும் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறது. காய் பழுக்கும்பொழுது அச்சத்துகள் குறைந்துபோக, அது விழித்தெழுந்து புள்ளியாய்த் தோன்றுகிறது. தை மாதத்தில் ஏறிய நோயை வைகாசியில் பார்க்கிறோம்.

ஆகவே பரிகாரமும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அறுவடை முடிந்ததும் காய்ந்த கிளைகளையும் உள்நெருக்கத்தையும் கழித்து, வெயிலும் காற்றும் மரத்தினுள் புகும்படி செய்வது முதல் வேலை. இதற்கு அரிவாளும் இரண்டு ஆளும் போதும், ஆயினும் இதைத்தான் நம்மவர் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள். பூஞ்சண மருந்து தெளிப்பதாயின் பூ விரியுமுன்னும் பிஞ்சு கட்டிய பின்னும் தெளிக்கலாம். பூ மலர்ந்திருக்கையில் தெளித்தால் மகரந்தம் சேர்க்கும் ஈக்களும் தேனீக்களும் மடியும். பறித்த பின், காயை 52 டிகிரி வெந்நீரில் 5 முதல் 10 நிமிஷம் அமிழ்த்தி எடுத்து உடனே ஆறவிட்டால், தோலில் உறங்கும் பூஞ்சணம் பெரும்பாலும் சாகிறது. வெந்நீரின் சூட்டைக் கைவிரலால் மதிப்பிடக்கூடாது, உஷ்ணமானி அவசியம். ஜாதிக்கு ஜாதி தோலின் பொறுமை வேறுபடுவதால் முதலில் ஒரு கூடைக் காயில் சோதித்துப் பார்த்தபின் மற்றவற்றைச் செய்ய வேண்டும். முற்றாத காய் இச்சூட்டில் வெந்துபோகும்.

பழ ஈயின் சேதம் இதனினும் பெரிது. பெண் ஈ முற்றும் காயின் தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. வெளியே ஊசி முனையளவு புள்ளி மட்டுமே தெரியும். ஐரோப்பியத் துறைமுகங்களில் 2013இல் இந்தியச் சரக்கில் இந்த ஈக்கள் பலமுறை அகப்பட்டதன் பேரில், 2014 மே மாதம் முதல் மாம்பழத்திற்கும் நான்கு காய்கறிகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. 2015 ஜனவரியில்தான் மாம்பழத் தடை நீங்கிற்று. அமெரிக்காவோ கொட்டை வண்டு முதலியவற்றிற்கு அஞ்சிப் பல வருஷங்கள் நமது பழத்தை ஏற்காமலிருந்து, கதிர்வீச்சு காட்டி அனுப்பலாமென்று 2007இல் இசைந்தது. சில்லறைச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஏற்றுமதிக்காரர் ஒதுக்கிய சரக்கு உள்ளூர் மண்டியில் வந்து குவிந்தால் அங்கும் விலை விழத்தானே செய்யும்.

இந்த ஈயைப் பிடிக்கும் வழி இந்நாட்டில் கண்டதே. பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சி சாஸ்திரியாயிருந்த ஹௌலெட், கொசுவுக்காகத் தடவும் சிட்ரொனெல்லா புல்லெண்ணெயை இந்த ஆண் ஈக்கள் மொய்ப்பதைக் குறித்து 1912இல் எழுதினார். பிறகு அவற்றை இழுக்கும் சரக்கு மெதில் யூஜினால் என்று 1915இல் கண்டறிந்தார். இப்பொழுது அதில் ஊறிய மரத்துண்டை வைத்த பொறிகள் கடையில் கிடைக்கின்றன. காய் இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே ஏக்கருக்கு 4 முதல் 6 வரை தொங்கவிடலாம். பொறியில் விழுவது ஆண் ஈ மாத்திரமே. ஆகையால் உதிர்ந்த காய்களை அன்றன்று பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பதும், மரத்தடி மண்ணைக் கிளறி உள்ளிருக்கும் கூட்டுப்புழுக்களை வெயிலில் காட்டுவதும் கூடவே நடக்க வேண்டும். ஒருவர் தோப்பில் பொறி வைத்து அடுத்தவர் தோப்பில் உதிரிக்காய் அழுகிக் கிடந்தால் பிரயோஜனம் குறைவு. ஈக்குக் கிராம எல்லை தெரியாது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் தோப்புடையோரை ஒருங்கு கூட்டி, ஒரே வாரத்தில் ஊர் முழுவதும் பொறி வைக்கும்படி செய்வாராயின், தனித்தனியே செய்வதைக் காட்டிலும் மிக்க பலன் கிட்டும்.

பறித்தலும் வைத்தலும்

காம்பு ஒடிந்தவுடன் பீறிட்டுவரும் பால் தோலைப் பொசுக்கிக் கருங்கோடு போடுகிறது. அக்கோட்டின் வழியே அழுகலும் ஏறுகிறது. வலை கட்டிய துறட்டுக்கோலால் ஒன்றிரண்டு அங்குலக் காம்போடு பறித்து, நிழலுக்குக் கொண்டுவந்து, அங்கே காம்பைக் கத்தரித்து, காம்பு முனை கீழே இருக்கும்படி மூங்கில் தட்டியின்மேல் அரைமணி நேரம் கவிழ்த்து வைத்தால் பால் தோலில் படாமல் வடிந்துவிடும். தரையில் கவிழ்த்தால் மண்ணிலுள்ள பூஞ்சணம் காம்புப்புண் வழியே புகும். கிளையை உலுக்கிச் சாக்கில் விழச்செய்யும் காயின் உட்காயம் நாலாம் நாள்தான் வெளிப்படும், அதற்குள் அது மண்டியைச் சேர்ந்திருக்கும்.

குளிர்கிடங்கு எல்லோருக்கும் எட்டக்கூடியதன்று. புது தில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் வகுத்த செங்கற்குளிரறை நடுத்தர விவசாயிக்கு ஏற்றது. இரட்டைச் செங்கற்சுவர் எழுப்பி, இடையிலுள்ள மூன்றங்குல இடைவெளியில் ஆற்று மணலை நிரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மேலே நனைத்த சாக்கோ கோரைப்பாயோ மூடினால், மணலின் ஈரம் ஆவியாகும்பொழுது உட்புறம் குளிர்கிறது. மின்சாரம் வேண்டுவதில்லை. உலர்ந்த காற்றுள்ள கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கங்களில் சித்திரை வைகாசியில் நன்கு வேலை செய்யும். கடலோரத்து ஈரக்காற்றில் அவ்வளவு பலன் எதிர்பார்க்க முடியாது. இதை மண்டி வண்டி வருமளவும் காயைக் காக்கும் இடமாகக் கொள்ள வேண்டும், மாதக்கணக்கில் பதுக்குமிடமாகக் கொள்ளக்கூடாது.

பழுக்கவைப்பதற்கு எத்திலீன் வாயு 2016 முதல் உணவு விதிகளில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. மூடிய அறையில் காற்றின் பத்து லட்சம் பங்கிற்கு 100 பங்குக்கு மேற்படாமல், 20 டிகிரியை ஒட்டிய சூட்டில், ஒரு நாள் வைத்துப் பின் கதவைத் திறந்து தேங்கிய கரியமில வாயுவை வெளியேற்ற வேண்டும். எத்திபான் கரைசலில் பழத்தை முக்குவதும் அதன்மேல் தெளிப்பதும் கூடா. முற்றிய காயாயிருந்தால் வீட்டளவுக்கு வைக்கோலே போதும்.

இனி குத்தகைப் பத்திரத்தைப் பற்றி. வாய்ப்பேச்சாகவோ, தொகையும் தவணையும் மட்டும் எழுதிய துண்டுச்சீட்டாகவோ இருக்கிறவரை மேற்சொன்ன ஒன்றும் நடவாது. ஒரே வருஷத்துக்கு மரத்தை எடுத்தவர் அடுத்த வருஷத்து மரத்தைக் குறித்து ஏன் கவலைப்படப்போகிறார்? பூ வருவிக்கப் பாக்லோபியூட்ரசால் என்ற மருந்தை வேரடியில் ஊற்றுவது இப்பொழுது பரவியிருக்கிறது. மரத்தின் படர்ச்சியை அளந்து அளவோடு இட்டால் குணம் தரும் மருந்தே அது. அளவு மீறி வருஷாவருஷம் ஊற்றினால் துளிர் குறுகிக் கொத்துக்கொத்தாகி மரம் தளர்ந்துவிடும். குத்தகைக்காரர் போனபின் அந்த மரத்தோடு இருக்கவேண்டியவர் உடையவரே. ஆகையால் பத்திரத்தில் பறிப்பு நாளை இருவரும் சேர்ந்து தண்ணீர்ச் சோதனை பார்த்து முடிவு செய்வதென்றும், இரண்டு தடவைக்குக் குறையாமல் பறிப்பதென்றும், உதிரிக்காயைப் புதைப்பது குத்தகைக்காரர் பொறுப்பென்றும், உடையவரின் எழுத்து மூலமான சம்மதமின்றி வேரடியில் எம்மருந்தும் ஊற்றுவதில்லையென்றும், தோப்பு எல்லைக்குள் கார்பைடு கல் வரக்கூடாதென்றும் ஷரத்துகள் எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றிற்கு இணங்குகிற குத்தகைக்காரர் தொகையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். கொடுக்கலாம் என்பதே எனது அபிப்பிராயம். பூ காணுமுன், அதாவது மார்கழிக்குள், இந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும், பிஞ்சு இறங்கிய பின் பேசப் புகுந்தால் முன்பணம் வாங்கினவர் வாய் திறக்க முடியாது.